தப்பு மிஸ்

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாமாவும் பெட்டிகளைப் பிரித்து முடித்திருப்பீர்கள், நான்கு மாடியும் மூச்சு வாங்காமல் ஏறப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டுகிற மாமாவுக்கு லிஃப்ட் இல்லாத வீடுதான் கிடைத்திருக்கிறது என்பதை நினைத்து அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உன் சத்தம் இல்லாமல் வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறதாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்ன நடக்கிறது? நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். நீ வைத்த பிறகுதான் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இது என் முறை.

பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. ‘தொடக்கப்பள்ளி வகுப்பறையில் தொழில்நுட்பம்’ என்று ஒரு புதுப் பாடம். நடத்துகிறவருக்கு ரிமோட் சார் என்று பெயர் வைத்திருக்கிறோம். புரொஜெக்டர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுவார். போன வாரம் அவர் முன்னால் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வகுப்பு ஆட்களே இரண்டாம் வகுப்புக் குழந்தைகளாக நடிப்பார்கள். தாடி வைத்த ஒருவன் பாதியில் சுண்டுவிரலைக் காட்டி, “டீச்சர், ஒண்ணுக்கு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனிடம் ‘போ’ என்று சொன்னேன். சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பாவம், கடைசிவரை காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முடிந்ததும் சார் தனியாகக் கூப்பிட்டார். “நல்லா யோசிக்கற, நல்லா எழுதற. ஆனா கடைசி பெஞ்சுக்கு ஒரு எழுத்துகூட வரலம்மா. நவம்பர்ல நெஜப் பசங்க முன்னாடி பாடம் எடுக்கணும். அன்னிக்கு நான் கடைசி பெஞ்ச்ல உக்காருவேன். எனக்குக் கேக்கலன்னா கையெழுத்து போடமாட்டேன்” என்றார். கையெழுத்து இல்லையென்றால் இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். மறுபடி படித்தால் மட்டும் குரல் எங்கிருந்து வரும்?

ஆனால் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். திரையும் ஸ்பீக்கரும் எதற்கு இருக்கின்றன? அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். இதற்குள் நீ பாதி ஊரைச் சிநேகம் பிடித்திருப்பாய். எல்லாம் எழுது.

உன்,
ஊமைக்கோட்டான்


ஜூன் 29

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

நான் நலம், உன் மாமா நலம், நான்கு மாடியும் நலம். உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். அடேயப்பா, உனக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறதா! இத்தனை வருடம் அதையெல்லாம் எங்கே வைத்திருந்தாய்?

ஒன்றாம் வகுப்பில் உன் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் என் வகுப்பிலிருந்து ஓடிவந்து ஜன்னல் வழியாக “உள்ளேன் டீச்சர்” என்று உனக்காகக் கத்துவேன், நினைவிருக்கிறதா? நீ முதல் பெஞ்சில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்திருந்தும் உனக்கு ஆப்சென்ட் போட்டார்கள். அப்படிப்பட்டவள் டீச்சர் ஆகப்போகிறாள் என்றால் நான் நாலு பேரிடம் பெருமையடிக்க வேண்டாமா?

இந்த ஊர் நன்றாக இருக்கிறது. தெரு அகலம், குழாயில் எந்நேரமும் தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் கீழே பஸ் நிறுத்தம். பேச்சுதான் வேறு. அதனால் என்ன, உன் அக்காவுக்குப் பேச ஒரு பாஷை வேண்டுமா! கீழே மளிகைக் கடைக்காரர், படிக்கட்டு பெருக்கும் அம்மா, எதிர்வீட்டுக்காரி என்று எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள். வந்த மூன்றாவது நாளே கடையில் நின்று ஒரு மணி நேரம் அரட்டை. கடைக்காரர் கல்லாவை மறந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

சாரின் கையெழுத்தை நினைத்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. வேண்டுமானால் சொல், நவம்பரில் வந்து ஜன்னல் வழியாக நானே பாடம் எடுத்துவிடுகிறேன்.

அம்மாவை முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்.

அன்புடன்,
உன் ரேடியோப்பெட்டி


ஜூலை 20

அன்புள்ள ரேடியோப்பெட்டிக்கு,

நலமே. அம்மா தைலம் தேய்க்கிறாள். முட்டியில் பாதி, என் புடவையில் பாதி.

என் யோசனை பலித்துவிட்டது! பாடம் முழுவதையும் முன்கூட்டியே வீடியோ எடுத்துவிட்டேன். போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்து, துணி அலமாரிக்கு முன்னால் நின்று பேசினேன். துணி இருந்தால் எதிரொலி வராதாம், ரிமோட் சார் சொல்லிக்கொடுத்தது. யாரும் இல்லாத அறையில் எனக்கு எவ்வளவு நன்றாகப் பேச வருகிறது தெரியுமா? அம்மா ஓடிவந்து, “யாரோட இப்படி கத்தற?” என்று அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டீச்சர் என்றால் கேள்வி கேட்க வேண்டும் அல்லவா? அதனால் வீடியோவில் கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணுகிறேன். பிள்ளைகள் பதில் சொல்ல அந்த இடைவெளி. பிறகு கண்களை அகல விரித்து, “மிக நன்று! சரியான பதில்! எல்லோரும் கை தட்டுங்கள்!” என்கிறேன். பார்த்தால் எதிரே நின்று கேட்டுப் பாராட்டுகிற மாதிரியே இருக்கும்.

நேற்று எங்கள் வகுப்பு ஆட்களுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். கடைசி பெஞ்ச் என்ன, கேட்டில் நிற்கும் காவல்காரர்கூட “மீன் தண்ணியில வாழும்” என்று பதில் சொன்னாராம். தாடிக்காரன் சமர்த்தாக எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். ரிமோட் சார் தலையை ஆட்டினார். “நல்லா இருக்கு. ஆனா நீ எங்க இருக்க?” என்றார். “இதோ நிக்கறேனே சார்” என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். இனிமேல் எனக்குப் பயமில்லை.

உன் எதிர்வீட்டுக்காரியைப் பற்றி எழுது. அவளுக்குக் குழந்தைகள் உண்டா? நீங்கள் இருவரும் எந்தப் பாஷையில் பேசிக்கொள்கிறீர்கள்?

உன்,
ஊ.கோ.


ஆகஸ்ட் 25

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை சரியாக இருந்தது. வேறொன்றுமில்லை.

உன் அலமாரிக் கதையைப் படித்துச் சிரித்தேன். மாமாவுக்கு மூன்று கட்டிடங்களில் ஒரே நேரத்தில் வேலை. விடிந்ததும் போய், இருட்டியதும் வருகிறார். சாப்பிடும்போதே கண் சொக்குகிறது. நானும் எழுப்புவதில்லை.

துணி துவைத்தேன், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. அதனிடம் என் கதையெல்லாம் சொல்லிவிட்டேன், நன்றாகக் கேட்கிறது, இடையில் சொட்டு சொட்டென்று ‘ம்’ கொட்டுகிறது, உன்னைப் போலவே. பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. மழை ஆரம்பித்துவிட்டது.

உன் வீடியோவை எனக்கும் அனுப்பேன். இல்லை, வேண்டாம், உனக்கு வேலை இருக்கும்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு நலம், மானம்தான் கப்பலேறிவிட்டது.

இரண்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு டீச்சர் நல்ல மாதிரி. ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டே கண்ணின் ஓரத்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். பிள்ளைகளில் ஒருத்தி அப்படியே நீதான். முன்பல் இரண்டும் இல்லை, வாய் மட்டும் மூடுவதில்லை. அவளை வாயாடி என்றே வைத்துக்கொள்.

பாடம் ‘உயிருள்ளவை, உயிரற்றவை’. வீடியோவைப் போட்டேன். திரையில் நான் பெரிதாக, பளபளவென்று தோன்றினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். திரையில் இருந்தவள் கேட்டாள்: “கல்லுக்கு உயிர் உண்டா?”

வாயாடி எழுந்தாள். “உண்டு! நேத்து அதுவா வந்து என் கால்ல விழுந்துச்சு!”

திரையில் இருந்தவள் கண்களை அகல விரித்தாள். “மிக நன்று! சரியான பதில்! எல்லோரும் கை தட்டுங்கள்!”

அக்கா, வகுப்பே கை தட்டியது. அடுத்தது மீன் எங்கே வாழும் என்ற கேள்வி. ஒருத்தன் வேண்டுமென்றே, “அலமாரியில!” என்றான். “மிக நன்று! சரியான பதில்!” அவ்வளவுதான், பிள்ளைகளுக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. யார் பெரிய தப்பாகச் சொல்வது என்று போட்டி. மரம் எதைக் குடிக்கும்? “டீ!” மிக நன்று. பசு எத்தனை கால்களால் நடக்கும்? “நடக்காது, பஸ்ல போகும்!” மிக நன்று, எல்லோரும் கை தட்டுங்கள். பெஞ்சின் மேல் ஏறித் தட்டினார்கள். கல்லூரியில் எங்கள் வகுப்பு ஆட்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள், சரியான பதில்தான் சொல்வார்கள். பிள்ளைகள் தப்பாகவும் சொல்வார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டீச்சராகப் படிக்கிறவளுக்கு!

ரிமோட்டை அழுத்தினேன், வேலை செய்யவில்லை. “நிறுத்துங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கடைசியில் வகுப்பு டீச்சர் எழுந்து போய்ப் பின்னால் இருந்த புரொஜெக்டர் பிளக்கைப் பிடுங்கினார். வாயாடி என் முந்தானையை இழுத்து, உண்மையான கவலையோடு கேட்டாள்: “மிஸ், அந்த மிஸ்ஸுக்குக் காது கேக்காதா?”

வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ரிமோட் சார் அன்று வரவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நவம்பரில் வருவார். கையில் வீடியோவும் இல்லை, குரலும் இல்லை.

நீ போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், தொண்டை வலி என்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். டாக்டரிடம் காட்டினாயா?

உன்,
ஊமைக்கோட்டான்


அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு நானே எழுதுகிறேன். சுகம்தானே? ஒரு வரி போட்டாலும் போதும்.

இங்கே ஒரு அதிசயம். அந்த அமளிக்கு மறுநாள் நான் தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குள் போனால், பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், “தப்பு மிஸ்ஸைப் போடுங்க! தப்பு மிஸ்ஸைப் போடுங்க!” திரையில் இருப்பவளுக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். வகுப்பு டீச்சர் நோட்டிலிருந்து நிமிராமலே, “ஒரு தடவ போட்ரும்மா. இல்லன்னா இன்னிக்கு வேலை நடக்காது” என்றார்.

போட்டேன். ஆனால் முன்னெச்சரிக்கையாகப் பின்னால் போய், பிளக் பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நாற்காலி சாப்பிடுமா என்று தப்பு மிஸ் கேட்டாள். “சாப்பிடும், நேத்து என் பென்சில முழுங்கிருச்சு” என்றாள் வாயாடி. “மிக நன்று! சரியான பதில்!” என்று அவள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள் பார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முகம், என் புடவை, என் குரல், ஆனால் மூளை மட்டும் எங்கே போயிற்று?

“தப்பு!” என்றேன்.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான். என்னையே பார்த்து நானே கத்தியிருக்கிறேன்! அதன் பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. அவள் பாராட்டுவாள், நான் வீடியோவை நிறுத்தி ‘தப்பு’ என்பேன், ஏன் தப்பு என்று பிள்ளைகள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். சரியாகச் சொன்னவர்களைவிட அவளைத் திருத்துகிறவர்களுக்குத்தான் மவுசு. பின்னால் நிற்கும்போது எனக்குப் பயமாக இல்லை. முகங்கள் தெரியாது, முதுகுகள்தான் தெரியும், அதனால் இருக்கும்.

உன் கடிதங்களை அருகருகே வைத்துப் படித்தேன். இரண்டாவதில் குழாய் வருகிறது, ஜன்னல் வருகிறது, மழை வருகிறது. மாமாவைத் தவிர ஒரு ஆள்கூட வரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, கண்ணில் பட்டது, சொன்னேன்.

உன்,
ஊமைக்கோட்டான்


அக்டோபர் 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தொண்டையும் நலம், டாக்டர் எதற்கு?

தப்பு மிஸ்ஸை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நீ ஆள் வரவில்லை என்றாயே, ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். எதிர்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவளும் ஊருக்குப் புதுசு. சொந்த ஊரில் மேடையில் மைக்கைப் பிடுங்கிப் பேசுகிறவளாம். இங்கே வந்து கடையில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அவள் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குகிறாள். கடைக்காரர் அவளைப் பேச வராதவள் என்று நினைத்து அவரும் கையைக் காட்டுகிறார். நாள் முழுக்க வாயில் ஒரு சொல்லும் புழங்காமல், இருட்டியதும் யாராவது பேசக் கூப்பிட்டால் அவளுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லையாம்.

பாவம். எனக்கு ஊமைக்கோட்டான்களின் வைத்தியம் தெரியாது. உனக்குத் தெரியுமே, ஏதாவது இருந்தால் எழுது. நான் அவளிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 21

என் அன்பு அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! கையெழுத்து வாங்கிவிட்டேன்!

நடந்ததைக் கேள். ரிமோட் சார் வந்தார், நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார், பிளக் பக்கத்தில் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இங்க நின்னு பேசினா எனக்குக் கேக்காம என்ன? முன்னாடி போ.”

முன்னால் போனேன். அத்தனை முகங்கள். முதுகுக்குப் பின்னால் தப்பு மிஸ் தொடங்கிவிட்டாள். புதிதாக எடுத்த வீடியோ அது, வேண்டுமென்றே அசடாக நடித்திருந்தேன். “நிழலுக்கு உயிர் உண்டா?” என்றாள்.

“உண்டு, என் கூடவே ஓடிவருது!” என்றாள் வாயாடி.

“மிக நன்று! சரியான பதில்!”

பிள்ளைகள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ‘தப்பு’ வரவில்லை, அக்கா. கடைசி பெஞ்சில் சார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். வாயாடி பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. “மிஸ்! சொல்லுங்க மிஸ்! தப்பு மிஸ் ஜெயிச்சிரும்!” என்று அழாத குறையாகக் கத்தினாள். தப்பான பதிலைச் சொன்னவளே அவள்தான்!

“தப்பு!” என்றேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த மாதிரி இருந்தது. “நிழல் ஓடும். ஆனா வளருமா?”

“வளருமே! சாயங்காலம் நீட்டமா வளருது மிஸ்!”

இதற்கு எந்த வீடியோவில் பதில் இருக்கிறது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோவை நிறுத்தினேன், வெறும் வெள்ளை வெளிச்சம் திரையில். அதில் என் கையை நீட்டினேன், நிழல் விழுந்தது. எல்லோரும் ஓடிவந்து கையை நீட்டினார்கள். “சார், புரொஜெக்டர் விளக்கை அணைங்க!” என்றேன். கடைசி பெஞ்சுக்கு, இங்கிருந்து! அவர் அணைத்தார். “செத்துப் போச்சு!” என்று கூச்சல். மறுபடி போட்டார். “பொறந்துருச்சு!” அப்போது இதுவரை என்னிடம் பேசாத ஒரு பிள்ளை, என்னைப் போல ஒரு குத்துக்கல், மெல்லச் சொன்னது: “அதுவா வளரல மிஸ். விளக்குதான் அத வளக்குது.” எனக்குக் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் கேட்காமல் வேறு யாருக்குக் கேட்கும்?

கடைசியில் சார் பேனாவைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. “அந்த வீடியோல இருக்கற பொண்ணுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன். அவ யாரையும் கேக்கறதில்ல. உனக்குப் போடறேன்” என்றார். பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தது. என்னைப் பற்றி, சத்தம் என்று புகார்! அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. உன் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொடுத்தேன், அவர்களே செய்தது. என் வைத்தியம் இதுதான். அவளைத் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்கச் சொல். கேள்விக்குப் பின்னால் இடைவெளி விட்டிருக்கிறார்கள். மனதுக்குள் பதில் சொல்லக்கூடாது, வாயால் சொல்ல வேண்டும்.

உன்,
ஊமைக்கோட்டான் (பதவி விலகப் பார்க்கிறேன்)


டிசம்பர் 3

அன்புள்ள தங்கைக்கு,

பொட்டலம் வந்து சேர்ந்தது. கையெழுத்துச் செய்தி கேட்டுத் துள்ளினேன், நிஜமாகவே துள்ளினேன், கீழ்வீட்டில் தட்டினார்கள். பென் டிரைவை அலமாரி மேல் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்கும்போது கொடுக்கிறேன்.

அக்கா


டிசம்பர் 29

என் கண்ணே,

நீ நலமா? அம்மா நலமா? வாயாடிக்குப் பல் முளைத்ததா?

எதிர்வீட்டில் ஒருத்தியும் இல்லை. அது நாங்கள் வந்த நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. இது உனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கேட்காமல், அந்த இல்லாதவளுக்கே பொட்டலம் கட்டி அனுப்பினாய் பார். அதை நினைத்து எத்தனை முறை அழுதேன் என்று எழுதமாட்டேன்.

அலமாரி மேல் இருந்ததை எடுக்க எனக்குத் தைரியம் வர நாளாயிற்று. போன வாரம் மாமா வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அவருடைய லேப்டாப்பில் போட்டேன். முதலில் பெஞ்ச் இழுக்கும் சத்தம், ‘தள்ளுடா’ என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பொக்கைவாய்க் குரல், ரொம்ப அதிகாரமாக, வருகைப் பதிவு எடுத்தது: “பெரிய மிஸ்!”

இடைவெளி.

ஐந்து எண்ணியிருப்பார்கள் போல. “மிக நன்று! எல்லோரும் கை தட்டுங்கள்!” என்று தட்டிவிட்டார்கள். நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று. பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். “பெரிய மிஸ்!”

“உள்ளேன் டீச்சர்” என்றேன்.

பகல் வெளிச்சத்தில் என் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது தெரியுமா? கரகரவென்று, துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது. வகுப்பே கை தட்டியது. எனக்காக நீ ஜன்னல் வழியாகச் சொல்ல முடியாது, அதனால் என்னையே சொல்ல வைத்துவிட்டாய். நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், குழாய் மட்டும் ‘ம்’ கொட்டியது.

பிறகு கேள்விகள். “அந்த ஊர்ல உப்புக்கு என்ன சொல்வாங்க?” சொன்னேன். மிக நன்று, சரியான பதில்! “பஸ்ஸுக்கு என்ன சொல்வாங்க?” தெரியவில்லை, ஏதோ சொன்னேன். மிக நன்று! “எவ்வளவு விலைன்னு எப்படிக் கேப்பாங்க?” சொன்னேன், நாலு இடத்தில் தடுக்கியது. எல்லோரும் கை தட்டுங்கள்! முடிந்துவிட்டது என்று எழுந்தபோது அந்த வாயாடி மைக் பக்கத்தில் வந்து மூச்சு விட்டுக்கொண்டே சொல்கிறாள்: “பெரிய மிஸ், நீங்க தப்பா சொன்னாலும் பரவால்ல. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

அந்த ஒரு வரிக்காக அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

தினமும் போட்டேன். படிக்கட்டு பெருக்கும் அம்மாவிடம் முதலில் பஸ்ஸுக்கு என்ன பெயர் என்று விரலால் காட்டிக் கேட்டுக்கொண்டேன். நான் அன்று சொன்னது தப்பு. நேற்று கடைக்குப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், இல்லையென்றால் விரல் நீண்டுவிடும். அரைக் கிலோ உப்பு வேண்டும், விலை என்ன என்று வாயால் கேட்டேன். முதல் சொல்லைக் கடைசியிலும் கடைசிச் சொல்லை நடுவிலும் வைத்திருக்கிறேன் போல. கடைக்காரர் கண்களை அகல விரித்தார், அக்கா சொல்வதை நம்பு, அச்சு அசல் உன் தப்பு மிஸ் மாதிரியே. பிறகு சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கோ உள்ளே கை தட்டல் கேட்டது, அதனால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அவர் நிதானமாகச் சரியான வாக்கியத்தைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு பெண் படியேறும்போது என் பைகளில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். இரண்டாவது மாடியாம். அவள் பேசியதில் பாதி புரியவில்லை. நாளைக்கு வரச் சொன்னாள் என்று நினைக்கிறேன். இல்லை, வரவேண்டாம் என்றும் இருக்கலாம். எப்படியும் போகப்போகிறேன்.

மாமா வந்ததும் சாப்பாட்டை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். மனுஷன் கண் சொக்கவே இல்லை, எங்கே சொக்க விட்டேன்? “வந்துருச்சா ரேடியோ! நான் பயந்தே போயிட்டேன்” என்றார். அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். ரிமோட் சார், வாயாடி, அந்தக் குத்துக்கல் பிள்ளை, பக்கத்து வகுப்புப் புகார் எல்லாவற்றையும் உன் வாயால் கேட்க வேண்டும், அந்த ‘தப்பு’வையும் ஒருமுறை கத்திக்காட்ட வேண்டும். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

நான் ‘ம்’ கொட்டுகிறேன்.

உன்,
அக்கா